கேள்வித்தாள் யார் கையில்?

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். வாசுதேவநல்லூரில் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க இரண்டு பேர் வந்தார்கள். கையில் அட்டை, அதில் கிளிப் மாட்டிய நீளமான தாள்கள். வீடு காட்ட ஊருக்குள்ளிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். எலுமிச்சைத் தோட்ட வேலை முடிந்து அம்மா அப்போதுதான் திரும்பியிருந்தார். போன மாதம் எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு, டி.வி. உண்டா, சைக்கிள் உண்டா என்று வரிசையாகக் கேட்டு வந்தவர், “கடன் ஏதும் இருக்காம்மா?” என்றார். “ஒண்ணும் இல்ல சார்” என்றார் அம்மா.

எங்களுக்குக் கடன் இருந்தது. வாரா வாரம் கூலியிலிருந்து பிடிக்கப்படுகிற கடன். அவர்கள் போன பிறகு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். “அவுக தம்பிதான முன்னால நிக்காக. அவுககிட்ட வாங்குன கடன எப்படிட்டி சொல்ல முடியும்?” என்றார் அம்மா. வழிகாட்ட வந்தவர், கடன் கொடுத்தவரின் தம்பி.

அந்தத் தாளில் எங்கள் வீட்டுக் கடன் பூஜ்யம் என்று பதிவாகியிருக்கும். அந்தப் பூஜ்யம் ஏதோ ஓர் அட்டவணைக்குள் போயிருக்கும். அதை யாரோ கூட்டி வகுத்து, இந்தப் பகுதியில் விவசாயக் கூலிகளின் கடன் குறைவு என்று எழுதியிருக்கவும் கூடும். கணக்கெடுக்க வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரை உடன் அழைத்து வந்தால் யார் வாய் மூடும் என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் தெருவுக்குத் தெரிந்தது தாளில் ஏற வேண்டுமென்றால், தெருவிலிருந்து ஒருவர் அந்தத் தாளைத் தயாரிக்கும் இடத்தில் உட்கார வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும். சமூக, பொருளாதார ஏற்றத்தாழ்வை ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்கு இந்த நாட்டில் என்ன பயிற்சி கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வியை அதனால்தான் சாதி ஒழிப்பு அரசியலின் நடுவில் வைக்க வேண்டும் என்கிறேன்.

ஒரு கருத்தரங்க அறையில் தொடங்கியது

நம்மில் பலரும் மறந்துவிடுகிற ஒரு செய்தி உண்டு. சாதியைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதிய முதல் ஆய்வுரை ஒரு மாணவரின் கருத்தரங்கக் கட்டுரை. 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்டர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகளின் இயக்கமும் தோற்றமும் வளர்ச்சியும் குறித்து அவர் அதை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்ற வாதம் அந்த அறையில்தான் முதலில் வைக்கப்பட்டது.

அந்த அறைக்கு அவர் எப்படிப் போனார்? 1913இல் பரோடா சமஸ்தானம் கொடுத்த உதவித்தொகையில். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்ததும் அவருக்குத்தான். சம்பளத்தில் சேமித்து, கோல்ஹாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரிடம் கடனும் பெற்று, 1920இல் மறுபடி போய், 1923இல் ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்கு டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அம்பேத்கரின் அறிவைப் போற்றுகிறோம். அந்த அறிவுக்கு நூலகமும் ஆசிரியரும் விவாதிக்கச் சக மாணவர்களும் மாதா மாதம் கையில் கொஞ்சம் பணமும் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணம் நின்றபோது அவர் படிப்பே மூன்று ஆண்டுகள் நின்றுபோனது.

அதே 1916இல் தமிழ்நாட்டிலும் ஒரு பயிற்சி நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, ஊர்களுக்குப் போய் நிலம், கூலி, கடன், சாதி எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னார். அவை 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வந்தன. எங்கள் நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானும் அதில் உண்டு. அந்த ஊர்களில் பலவற்றுக்கு 1930களிலும் 1980களிலும் ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். இந்தியாவில் ஒரே ஊரை நூறாண்டுக் கணக்கில் பின்தொடர முடிகிற அரிதான பதிவுகள் அவை.

ஒரு கேள்வித்தாள், அதைப் பிடிக்கத் தெரிந்த சில மாணவர்கள், அவர்களைத் திருத்த ஓர் ஆசிரியர். இவ்வளவு எளிய ஏற்பாடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஆனால் 1916இல் கல்லூரி வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஊரைப் பற்றி எழுதப் போனவர்கள் ஊரிலிருந்து போனார்கள். சேரி, பதில் சொல்கிற இடத்தில் இருந்தது.

ஆய்வுக்களம் என்ற பெயர்

என் மாவட்டத்துக்கு ஆய்வாளர்கள் வராமல் இல்லை. 1981 பிப்ரவரி 19 அன்று தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், நிருபர்கள் வந்தார்கள், ஆய்வாளர்கள் வந்தார்கள். மும்தாஜ் அலி கான் எழுதிய சமூகவியல் ஆய்வு 1983இலும், அப்துல் மாலிக் முஜாஹித் எழுதிய நூல் 1989இலும் வந்தன. இரண்டும் வாசிக்க வேண்டியவை. இரண்டும் வெளியிலிருந்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனி உங்களுக்குத் தர மாட்டோம் என்று கடைக்காரர் சொன்ன காணொளி நாடெங்கும் பரவியது. கைது நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி ஊருக்குள் நுழையத் தடையும் விதிக்கப்பட்டது. கேமராக்கள் போய்விட்டன. ஊர்க்கட்டுப்பாடு என்பது எப்படிப் போடப்படுகிறது, யார் மீறினால் என்ன அபராதம், அது கடையோடு நிற்கிறதா, கூலி வேலைக்கும் தண்ணீருக்கும் நீள்கிறதா, எத்தனை மாதம் இருக்கிறது? ஒரு காணொளி இதற்கெல்லாம் பதில் சொல்லாது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து, கேட்டு, எழுதுகிற ஒருவரால்தான் முடியும்.

கேள்வி சரியாகக் கேட்கப்பட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு என்கிற பெரிய வீட்டுக் கணக்கெடுப்பின் 2011-12ஆம் ஆண்டுச் சுற்றில், உங்கள் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்டார்கள். சுமார் 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஆம் என்று ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டவர்களே அவ்வளவு. அதுவரை, எங்கே இருக்கிறது தீண்டாமை என்று கேட்டவர்களுக்கு அந்த ஒற்றைக் கேள்வி பதில் வைத்தது.

உரிமைகளும் இப்போது தரவுகளின் மேல்தான் நிற்கின்றன. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு வந்ததற்கு நீதிபதி ஜனார்த்தனம் குழு திரட்டிய விவரங்கள் அடிப்படை. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டபோதும், அதற்குத் தரவு ஆதாரம் வேண்டும் என்றே சொன்னது. வலி இருந்தால் மட்டும் நீதிமன்றத்துக்குப் போதாது. வலியை எண்ணிக் காட்டத் தெரிந்தவர்களும் வேண்டும்.

அடைபடும் கதவுகள்

இன்று இந்தப் பயிற்சி எங்கே கிடைக்கிறது? எம்.பில். என்ற ஒரு படி இருந்தது. எம்.ஏ. வரை மனப்பாடம் செய்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி, ஒரு சின்னத் தலைப்பை எடுத்து, கேள்வித்தாள் தயாரித்து, தப்புச் செய்து, திருத்தப்பட்டு, ஒரு ஆய்வேட்டை முடிக்கப் பழகிய படி அது. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர் அதன் வழியாகத்தான் ஆய்வுக்குள் வந்தார்கள். 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் அந்தப் படியை எடுத்துவிட்டன. எம்.பில்.லில் தரமற்றவை இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பேராசிரியர் இருக்கிற பிள்ளைக்கு ஒரு படி குறைந்தால் நேரம் மிச்சம். எங்களுக்கு ஏணியே உயரத்தில் தொங்குகிறது.

அதே 2022 டிசம்பரில், சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் இன்னொன்று நடந்தது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க உதவும் தேசிய அயலக உதவித்தொகையின் விதிகளை ஒன்றியச் சமூகநீதி அமைச்சகம் திருத்தியது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இனி அந்த உதவி கிடையாது என்றது திருத்தம். இதைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ஒரு தலித் மாணவி வெளிநாடு போய்ப் பொறியியல் படிக்கலாம். சாதியை ஆராய்ந்தால் பணம் இல்லை. 1913இல் பரோடா சமஸ்தானம் இப்படியொரு விதியை வைத்திருந்தால் 1916இன் அந்தக் கருத்தரங்கக் கட்டுரை என்ன ஆகியிருக்கும்? 2025இல் இதே திட்டத்துக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் ஆணை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

தமிழ்நாட்டு அரசு சில கதவுகளைத் திறந்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களான ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை உண்டு. அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டம் உண்டு. அதில் ஒன்றிய அரசு விலக்கிய தலைப்புகளோடும் ஒருவர் போக முடியும். தேர்வு வைத்து 120 பேருக்கு மாதம் ரூ.25,000 தருகிற முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் உண்டு. இவை நல்லவை. ஆனால் உதவித்தொகை சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான வழி. ஆய்வு செய்யக் கற்றுக்கொடுக்கிற ஏற்பாடு வேறு. முதலாவது கொஞ்சம் இருக்கிறது. இரண்டாவது சென்னையிலும் டெல்லியிலும்தான் இருக்கிறது.

பத்து நாள்

இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் ஆண்டுதோறும் நாடெங்கும் பத்து நாள் ஆய்வு முறையியல் பயிற்சிகள் நடக்கின்றன. பயனுள்ளவை. நானும் பெருநகர் ஒன்றில் அப்படியொரு பயிற்சிக்குத் தேர்வானேன். சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும்போது என்னிடம் இருந்தது வட்டிக்கு வாங்கிய ஆறாயிரம் ரூபாய். பயணப்படி பிறகு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தந்தார்கள், ஏழு மாதம் கழித்து. சொந்த மடிக்கணினி கட்டாயம் என்றார்கள். தோழி ஒருத்தியுடையதை இரவல் வாங்கிப் போனேன்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. அங்கே பாதிப் பேர் ‘ஸ்டாட்டா’ மென்பொருளை எம்.ஏ.விலேயே தொட்டுப் பார்த்தவர்கள். தேசிய மாதிரி ஆய்வின் வீட்டளவுத் தரவை எப்படித் திறப்பது, மாதிரி எடைகளை எப்படிப் போடுவது என்று ஆசிரியர் ஓட்டிக்கொண்டே போனார். எல்லாம் ஆங்கிலம். எனக்கு எட்டாம் நாள்தான் ஏதோ புரியத் தொடங்கியது. பத்தாம் நாள் சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து சந்தேகம் கேட்க யாரும் இல்லை.

இது என் கதை மட்டுமில்லை. சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து வந்து, நெல்லை அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ மதுரையிலோ பதிவு செய்திருக்கிற எத்தனையோ பேர் பகலில் கௌரவ விரிவுரையாளர் வேலையும் இரவில் ஆய்வேடுமாக இருக்கிறார்கள். பத்து நாள் விடுப்பு எடுத்தால் பத்து நாள் சம்பளம் போகும். கைக்குழந்தை உள்ள பெண்களுக்கு இத்தகைய பயிற்சியின் அறிவிப்பே தங்களுக்கானதாகத் தெரிவதில்லை.

இத்தனைக்கும் பொருள்கள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. தேசிய மாதிரி ஆய்வின் தரவை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். ‘ஆர்’ மென்பொருள் இலவசம். பாரிஸில் இயங்கும் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அம்பேத்கர் படித்த லண்டன் பொருளாதாரப் பள்ளியிலேயே, ஏற்றத்தாழ்வைப் படிக்கவும் அதற்கெதிராகச் செயல்படவும் முழுச் செலவோடு அட்லாண்டிக் ஃபெல்லோஸ் திட்டம் 2017 முதல் நடக்கிறது. தரவு இருக்கிறது, கருவி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் கற்றுத்தரும் கை எங்கள் பக்கத்தில் இல்லை.

உள்ளூர்க் கண்ணும் தவறும்

சொந்தச் சனத்தைச் சொந்தச் சனமே ஆராய்ந்தால் நடுநிலை போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிலம் வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளை நில உறவைப் பற்றி எழுதியபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும் கேள்வியில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. அதை என் அனுபவத்திலிருந்தே ஒப்புக்கொள்கிறேன்.

என் முதல் களஆய்வில் எங்கள் வட்டாரத்தில் அறுபது வீடுகளைத் தேர்ந்தெடுத்தேன். முடித்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அருந்ததியர் தெருவில் ஒரு வீடுகூட அதில் இல்லை. நான் வேண்டுமென்று விடவில்லை. எனக்குப் பழக்கமான திண்ணைகளில் உட்கார்ந்தேன்; என் பழக்கமே ஓர் எல்லையைப் போட்டிருந்தது. வழிகாட்டியாக வந்த அந்தத் தம்பியைக் குறை சொன்ன நான், இன்னொரு தெருவுக்கு அதே தம்பியாக இருந்திருக்கிறேன். மாதிரி எடுக்கும் முறையை ஒழுங்காகக் கற்ற பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன். எங்கள் வலிக்கு அட்டவணை போட்டுத் தருவதற்காக மட்டும் பயிற்சி கேட்கவில்லை. எங்கள் கண்ணையே நாங்கள் சந்தேகிக்கவும் அது வேண்டும்.

எண்கள் வருகின்றன

இதை இப்போது எழுத ஒரு அவசரம் உண்டு. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. 1931க்குப் பிறகு இதுதான் முதல்முறை. நாம் நெடுங்காலமாகக் கேட்டது. ஆனால் எண்கள் தாமாகப் பேசாது. நிலமும் வேலையும் படிப்பும் சாதியோடு எப்படிச் சேர்கின்றன என்று அவற்றைப் பிரித்துப் போட்டுக் கேட்கத் தெரிந்தவர்களிடம்தான் பேசும். எந்த இரண்டு கட்டத்தைப் பக்கத்தில் வைப்பது, எதை மறைப்பது என்பதில் அரசியல் இருக்கிறது. அந்த எண்கள் வெளிவருகிற நாளில் தொலைக்காட்சி விவாதத்தில் கோபப்பட நம்மிடம் ஆள் இருப்பார்கள். முந்தைய இரவே அட்டவணையைத் திறந்து படித்து முடித்திருக்க எத்தனை பேர் இருப்பார்கள்?

அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. அயலக உதவித்தொகையில் இந்தியச் சமூக ஆய்வுக்கு விதித்த தடையை ஒன்றிய அரசு நீக்க வேண்டும். எம்.பில். எடுத்துவிட்ட இடத்தில், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஓராண்டு ஆய்வுத் தயாரிப்புப் படிப்பை உதவித்தொகையோடு மாநில அரசு தொடங்க வேண்டும். தென் மாவட்டங்களில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் ஆறு வாரக் கோடைப் பயிற்சி வேண்டும். வகுப்பு தமிழில், கணினி அங்கேயே, பயணப்படி முன்பணமாக, குழந்தையோடு வருபவர்களுக்கு இடம், பாதி நாட்கள் களத்தில். பயிற்சி முடிந்து ஓராண்டுக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியர். 1916இல் ஒரு பேராசிரியரும் ஒரு கேள்வித்தாளும் செய்ததை இன்று ஓர் அரசால் செய்ய முடியாதா?

நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. உத்தப்புரம் தீண்டாமைச் சுவர் 2008இல் நாட்டின் கவனத்துக்கு வந்ததில் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் களப்பணிக்குப் பங்கு உண்டு. மதுரை எவிடன்ஸ் அமைப்பின் கள அறிக்கைகள் வழக்குகளுக்கு உதவியிருக்கின்றன. இயக்கங்களுக்குக் கணக்கெடுக்கத் தெரியும். இயக்கத்தின் அனுபவமும் பல்கலைக்கழகத்தின் முறையியலும் ஒரே மேசையில் உட்காருவதுதான் அரிதாக இருக்கிறது. முனைவர் பட்டம் முடித்த தோழர்களே, உங்கள் ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு தரவுக் கோப்பைத் திறந்து காட்டுங்கள். உதவித்தொகை விண்ணப்பம் எழுதியவர்கள் அதை அடுத்தவருக்குக் கொடுங்கள். ஆய்வு முடித்தால், பதில் சொன்ன தெருவிலேயே போய் அதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் மறுத்துப் பேசட்டும்.

நானும் போன ஆண்டு என் ஆய்வுக்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். கடன் பற்றிய பகுதிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்: இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது வெளியாள் யாரும் அருகில் இருக்கக் கூடாது. முதலில் அம்மாவிடம்தான் கேட்டுப் பார்த்தேன். இந்த முறை அவர் யார் யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி என்று வரிசையாகச் சொன்னார். எனக்கே தெரியாத மூன்று கடன்கள் அதில் இருந்தன.